கம்பெனி டிரைவ்

டிவிடி எழுதும் டிரைவைக் கம்பெனிப் பெயர் அச்சிட்ட பெட்டியோடு வாங்குவதா, பெட்டி இல்லாமல் வெறும் பிளாஸ்டிக் உறையில் வருவதை வாங்குவதா என்பது எங்கள் தொழிலில் தீராத பேச்சு. மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் வீடியோக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் அங்கேதான் போய் நிற்பார்கள். ஒருவர், கம்பெனிச் சாமான்தான் உழைக்கும் என்பார். மற்றவர், கூடுதல் காசு பெட்டிக்கும் உத்தரவாதச் சீட்டுக்கும்தான், உள்ளே இருப்பது ஒன்றுதான் என்பார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். நாலு பேர் நடுவில் எனக்கு வாய் திறக்க வராது. ஆனால் அந்தக் கேள்வியோடு ஒரு பகல் முழுவதும் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்புவரை. குளச்சலில் ஒரு ஸ்டுடியோக்காரரிடம் பன்னிரண்டு வருடம் லைட் பிடித்தேன். லைட் பிடிக்கிறவன் பேச வேண்டியதில்லை. கேமராக்காரர் தலையை எந்தப் பக்கம் ஆட்டுகிறாரோ அந்தப் பக்கம் வெளிச்சத்தைத் திருப்பினால் போதும். பிறகு அவரே தன் பழைய கேமராவை எனக்குத் தந்தார். கல்யாணம், பிள்ளைகள் முதல்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை, வீடு பால்காய்ப்பு, சாவு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனேன். கேமராவுக்குப் பின்னால் நிற்பதும் ஏறக்குறைய லைட் பிடிப்பது மாதிரிதான். ஒரு கண்ணை மூடிக்கொண்டால் யாரும் நம்மிடம் பேச மாட்டார்கள்.

2006இல் வீடியோ கேசட்டின் காலம் முடிந்து எல்லோரும் டிவிடி கேட்கத் தொடங்கியிருந்தார்கள். நானும் ஒரு கம்ப்யூட்டர் வாங்க நாகர்கோவிலுக்குப் போனேன். எல்லாவற்றையும் எடுத்து வைத்த கடைக்காரர், கடைசியில் டிரைவ் இரண்டை மேஜையில் வைத்தார். ஒன்று பளபளப்பான பெட்டியில் இருந்தது. மற்றது உறையில். இரண்டுக்கும் நானூறு ரூபாய் வித்தியாசம்.

"என்ன வித்தியாசம்?" என்றேன்.

"மாப்பிள்ளை ரெண்டுபேரும் ஒண்ணுதான் அண்ணாச்சி. ஒருத்தன் கோட்டு போட்டு வாறான், மத்தவன் கைலி கெட்டிட்டு வாறான்."

பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் கேட்க இன்னும் இருந்தது. இதில் எழுதிய டிஸ்க் எத்தனை வருடம் தாங்கும், எல்லா பிளேயரிலும் ஓடுமா, வெளிநாட்டில் ஓடுமா. அந்தச் சிரிப்புக்குப் பிறகு கேட்கத் தோன்றவில்லை. கைலி கட்டியவனைக் கைகாட்டி வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவன் நன்றாகவே உழைத்தான். முதல் வருடம் ஒரு குறையும் இல்லை.

அந்த வருடக் கடைசியில், குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு வயதான அம்மையின் அடக்கத்துக்குக் கூப்பிட்டார்கள். கணவன் முன்பே போய்விட்டிருந்தார். ஒரு மகன், ஒரு மகள். மகன் வளைகுடாவில் இருந்தார். பாஸ்போர்ட் முதலாளியின் கையில் இருந்ததால் வர முடியவில்லை. எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில் வீடியோ எடுப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒருவருக்காகத்தான். வீட்டில் இருப்பவர்களுக்கு அது வேண்டாம். வர முடியாத ஒருவர் என்றைக்காவது பார்ப்பதற்காக எடுத்து வைப்பது.

கேமராவின் சின்ன டேப்பில் எடுத்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, டிவிடியில் இரண்டு பிரதி எழுதினேன். அப்போது ஐந்து கல்யாண ஆர்டர்கள் காத்துக் கிடந்தன. டிரைவ் எவ்வளவு வேகத்தில் எழுதுமோ அவ்வளவு வேகத்தில் எழுதினேன். டிஸ்கின் மேல்புறம், அம்மையின் முகம் அச்சிட்ட வட்ட ஸ்டிக்கரை ஒட்டினேன். கல்யாண டிஸ்கில் மணமக்கள் முகம் ஒட்டுவது போல, சாவுக்கு இறந்தவர் முகம். அதுதான் வழக்கம். முகம் இல்லாத டிஸ்கை யாரும் கையில் வாங்க மாட்டார்கள். அந்த அம்மைக்குத் தனியாக எடுத்த படம் கிடையாது. பேத்தியின் புதுநன்மைப் படத்திலிருந்து முகத்தை வெட்டி எடுத்தேன். ஓரத்தில் வேறு யாருடைய தோளோ கொஞ்சம் தெரிந்தது.

ஒரு பிரதி வளைகுடாவுக்குப் போகிற ஆள் கையில் போயிற்று. மற்றது மகளிடம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கல்யாண டிஸ்கைக் கொடுத்தால் அன்றைக்கே வீடு நிறைய உட்கார்ந்து பார்ப்பார்கள். சித்தப்பா முகம் வரவில்லை, சாப்பாட்டுப் பந்தியை வெட்டிவிட்டாய் என்று மறுநாள் காலையில் சண்டைக்கு வந்துவிடுவார்கள். குறை எதுவானாலும் உடனே தெரிந்துவிடும். சாவு டிஸ்க் அப்படியல்ல. வாங்கியதும் பெட்டி மாதா கோயிலுக்குப் புறப்படுவதுவரை கொஞ்சம் ஓட்டிப் பார்ப்பார்கள். ஒருத்தி விம்மத் தொடங்குவாள், யாராவது எழுந்து நிறுத்திவிடுவார்கள். பிறகு அது அலமாரியில் சேலைக்கடியில் போய்விடும். அதைத் திரும்ப எடுப்பதற்கு யாருக்கும் மனசு வராது.

என் கணக்கு வேறாக இருந்தது. மூன்று மாதம் யாரும் குறை சொல்லி வராவிட்டால் அந்த டேப்பை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்வேன். கம்ப்யூட்டரில் உள்ளதையும் அழித்துவிடுவேன். அந்த அம்மையின் டேப்பில், நான்காம் மாதம், திங்கள்சந்தையில் ஒரு நிச்சயதார்த்தம் எடுத்தேன்.

இரண்டு வருடம் தாண்டி, மாசி மாதத்தில், மண்டைக்காட்டு அம்மன் கோயிலில் கொடைத் திருவிழா நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் மகள் என் கடைக்கு வந்தாள். முந்தானையில் பொதிந்து அந்த டிஸ்கைக் கொண்டுவந்திருந்தாள்.

"அண்ணே, இது பாதிக்கு மேல ஓடல்ல. கோயிலுக்குள்ள கொண்டு போறதுவரை வருது. பொறவு அப்பிடியே நிக்குது."

"வேற பிளேயர்ல பாத்தியா?"

"மூணு வீட்டுல போட்டாச்சு. அண்ணன் வந்திருக்கு. ஒரு மாசம் லீவு. வந்த நாள் தொட்டு பாக்கணும் பாக்கணும்னு சொல்லும், டிவிக்க முன்னால வந்து இரிக்கும், எழும்பிப் போவும். இண்ணைக்கு மூணு மணிக்கு திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போவ வேன் வருது. விடியக்காலம் குளிச்சிட்டு வந்து, போடுட்டீன்னு சொல்லிச்சு. போட்டா, இப்பிடி."

அண்ணனுக்கு அனுப்பிய பிரதி என்ன ஆயிற்று என்று கேட்டேன். அது அங்கே ஒரு வண்டிக்குள் வெயிலில் கிடந்து வளைந்துபோனதாம். எந்த பிளேயரும் எடுக்கவில்லையாம்.

"செரியாக்கிப் பொறவு அனுப்பி வைக்கலாம்னு அண்ணங்கிட்ட சொல்லல்லியா?"

"சொன்னேன். அங்க ஒரு முறியில எட்டுபேரு அண்ணே. அழக்கூட எடம் கிடையாதாம். இஞ்ச வச்சு, எனக்க கூட இருந்து பாக்கணுமாம்." பிறகு, நான் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டாள். "ஒங்க கிட்ட டேப்பு இருக்குமில்லா?"

"பாக்கணும்" என்றேன்.

பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அந்த டேப்பில் இப்போது யாரோ ஒரு பெண் வெற்றிலைத் தட்டோடு சிரித்துக்கொண்டிருக்கிறாள். ஆக, அந்த அம்மையின் அடக்கம் இந்த உலகத்தில் இருப்பது மகள் கையிலிருக்கும் ஒரு டிஸ்கில் மட்டும். அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

டிஸ்கை வாங்கி டிரைவில் போட்டேன். டிவிடிக்குள் படம் நாலு துண்டாக இருக்கும். முதல் துண்டு உள்வட்டத்தில், கடைசித் துண்டு வெளி ஓரத்தில். முதல் இரண்டும் கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டன. மூன்றாவதில் டிரைவ் முக்கத் தொடங்கியது. சுழலும், நிற்கும், மறுபடி சுழலும். உள்ளே எதுவோ தடதடவென்று அடித்தது. கடைசியில் சிவப்பு வட்டத்துக்குள் வெள்ளைப் பெருக்கல் குறியோடு ஒரு கட்டம் வந்தது. அதிலுள்ள இங்கிலீஷை எனக்கு வாசிக்க வராது. அந்தக் கட்டத்தின் உருவத்தைப் பார்த்தாலே அர்த்தம் தெரியும்.

மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் அதே இடம்.

மூன்றாவது துண்டில்தான் பெட்டி மூடுவதற்கு முன்னால் முகம் வரும். எல்லோரும் குனிந்து கடைசி முத்தம் கொடுப்பதும் அங்கேதான். நாலாவது, கல்லறைத் தோட்டம்.

அந்த நேரத்தில், நாகர்கோவில் கடைக்காரர் மேஜையில் இரண்டு டிரைவையும் வைத்தது எனக்கு ஞாபகம் வந்தது. நானூறு ரூபாய். கோட்டுப் போட்டவனை வாங்கியிருந்தால் ஒழுங்காக எழுதியிருப்பான். இப்போதாவது வாங்கினால் அவன் வாசித்துவிடுவான். மணி பத்து. நாகர்கோவில் போய்த் திரும்ப நேரம் இருந்தது.

"டிஸ்கைத் தா, கடையில போட்டுப் பாத்திட்டு வாறேன்" என்றேன்.

"இது இந்த முறிய விட்டு வெளிய போவாது" என்றாள். டிஸ்கை மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க போயிட்டு வாருங்க. நான் இஞ்ச இருக்கேன்."

மொபெட்டை எடுத்தேன். கடற்கரை ரோடு முழுக்க மண்டைக்காட்டுக்கு நடந்துபோகிற பெண்கள். கேரளாவிலிருந்து வந்த வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. திரும்பி, திங்கள்சந்தை வழியாகப் போனேன். வழியெல்லாம் உரத்த குரலில், தனியாக, ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். 'தங்கச்சி, டேப்பு இல்ல.' மொபெட்டில் அது எளிதாக வந்தது.

நாகர்கோவில் கடைக்காரருக்கு என்னை ஞாபகம் இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி டிரைவைப் பற்றி அல்ல.

"மேல மூஞ்சி ஒட்டியிருக்கீரா?"

"ஒட்டியிருக்கு."

"ஒங்கள மாதிரி ஆளுகளுக்கு இத யாரு ஓய் படிச்சுத் தந்தா? சைக்கிள் சக்கரத்துல ஒரு பக்கம் மட்டும் சேறு அப்பினா என்ன செய்யும்? ஆடும்லா? பேப்பர் ஒரு நூல் தள்ளி ஒட்டியிருந்தா போதும். உள்பக்கம் மெதுவா ஆடும், தெரியாது. ஓரத்துக்குப் போவப் போவ ஆட்டம் கூடும். அதுல நம்ம கடக்காத்து வேற. உப்பும் ஈரமும் குடிச்சு பேப்பர் ஊதிக் கிடக்கும். டிஸ்க வளைக்கும்."

"அப்பம் டிரைவ் குத்தம் இல்லியா?"

"அதுவும் இருக்கும். முழு வேகத்துல எழுதினீரா? அதுவும் இருக்கும். நூறு டிஸ்க் கம்பியில கோத்து வருமே, மட்ட டிஸ்க், அதுவா? அதுவும் இருக்கும். எந்தக் கள்ளன்னு நான் எப்பிடிச் சொல்ல? மொதல்ல அந்த ஸ்டிக்கர நனைச்சுப் பிச்சு எடும்."

முன்பு ஒரு பாட்டு சிடியில் ஒட்டிய ஸ்டிக்கரை உரித்தபோது, அதோடு வெள்ளித் தகடும் சேர்ந்து உரிந்து வந்தது. டிஸ்க் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அதைச் சொன்னேன்.

"அது சிடி. சிடியில சரக்கு மேல் தோலுக்கு அடியில இருக்கும். டிவிடியில நடுவுல, ரெண்டு பிளாஸ்டிக்குக்கு எடையில. உரிச்சா ஒண்ணும் ஆவாது. நூத்துக்குத் தொண்ணூறு."

"பாக்கி பத்து?"

"அது ஒம்ம நேரம்." சிரித்துவிட்டு, பெட்டியில் இருந்த டிரைவை மேஜையில் வைத்தார். "இல்லன்னா இதக் கொண்டு போயி, உரிக்காம போட்டுப் பாரும். வாசிச்சாலும் வாசிக்கும். நான் விக்கதுக்குச் சொல்லல்ல. வேணும்னாலும் வேண்டாம்னாலும் நீருதான் சொல்லணும்."

வாங்கினேன். அதன் காரணத்தை அன்றைக்கு எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை. ஸ்டிக்கரை உரிக்க வேண்டுமென்றால், அந்தப் பெண்ணிடம் அவளுடைய அம்மையின் முகத்தைப் பிய்க்கட்டுமா என்று கேட்க வேண்டும். அதைக் கேட்டால், 'உரித்துக் கெட்டுப்போனால் டேப் இருக்கிறதே' என்பாள். அப்போது அதையும் சொல்ல வேண்டும். அந்த இரண்டு வாக்கியங்களையும் வாயிலிருந்து எடுக்காமல் தப்பிக்கத்தான் நான் கம்பெனி டிரைவுக்குக் காசு கொடுத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று, கெட்ட டிஸ்கிலிருந்து கிடைத்தவரை எடுக்கும் ஒரு புரோகிராமையும் சிடியில் எழுதித் தந்தார் கடைக்காரர். அதற்குக் காசு வாங்கவில்லை.

திரும்பி வரும்போது மணி ஒன்று ஆகிவிட்டது. அவள் முக்காலியிலிருந்து எழுந்ததாகத் தெரியவில்லை. நான் வாங்கி வைத்துப் போயிருந்த டீயில் ஆடை படிந்து கிடந்தது. பெட்டியைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது.

"கம்பெனி சாமானா அண்ணே?"

"ஆமா."

"அப்பம் ஓடும்."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றி, பழைய டிரைவுக்கு மேலே புதியதைப் பொருத்தி, ஒரே பட்டைக் கம்பியில் இரண்டையும் கோத்தேன். திருகாணி இரண்டு முறை கீழே விழுந்தது. புதிய டிரைவின் தட்டு சத்தமில்லாமல் வெளியே வந்தது. பழையது கறகறவென்று வரும். அந்த ஒரு வித்தியாசத்திலேயே எனக்கு நம்பிக்கை கூடிவிட்டது.

டிஸ்க் உள்ளே போயிற்று. ஒன்றாம் துண்டு, இரண்டாம் துண்டு, பழையதைவிட வேகமாகவே வந்தன. மூன்றாவது தொடங்கியது. பச்சைக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று மாதாவுக்கு அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தாள். கோடு நின்றது. டிரைவ் ஒருமுறை நன்றாக மூச்சு வாங்கியது. சிவப்பு வட்டம்.

அதே இடம். ஒரு நூல்கூட முன்னால் போகவில்லை.

"இது கம்பெனி சாமான்தானே அண்ணே?" என்று அவள் மறுபடி கேட்டாள்.

அதற்கு மேல் எனக்கு ஒளிய இடம் இல்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே ஸ்டிக்கர் விஷயத்தைச் சொன்னேன். அவள் சட்டென்று கையை நீட்டி, தட்டிலிருந்து டிஸ்கை எடுத்துக்கொண்டாள்.

"அம்மைக்க முகத்தப் பிச்சா எடுப்பிய? தொடாண்டாம். எங்க வீட்டுல அம்மைக்கு இதவிட்டா தனியா படம் கிடையாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா? அந்த டேப்ப எடுங்க. டேப்புல இருந்து வேற எழுதுங்க."

மொபெட்டில் அத்தனை முறை சொல்லிப் பார்த்த வாக்கியம் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் அண்ணன் வந்தார். பயணத்துக்கு உடுத்திய புதுச் சட்டை, மடிப்புக் கலையாமல். வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது இளையவராக இருப்பார்.

"ஏட்டி, என்னாச்சு? மணி ஒண்ணரை. வேன இஞ்ச வரச் சொல்லியாச்சு."

அவள் மூச்சுவிடாமல் சொன்னாள். டிஸ்க், புதிய டிரைவ், ஸ்டிக்கர், டேப். கடைசியில், "இவிய டேப்ப எடுக்க மாட்டங்காவ" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை. வெறுமனே பார்த்தார். அதனால்தான் சொல்ல முடிந்திருக்க வேண்டும்.

"டேப்பு இல்ல. வேற ஒண்ணு எடுத்திட்டேன் அதுக்க மேல. மூணு மாசம் பாத்தேன். யாரும் வரல்ல. நல்லா ஓடுதுன்னு நெனச்சேன்."

அவள், "எக்க மாதாவே" என்று முக்காலியில் உட்கார்ந்தாள். "நாங்க எப்பிடி அண்ணே பாப்போம்? அத எப்பிடிப் பாக்க முடியும்? பாக்கல்லன்னா நல்லா இருக்குன்னா அர்த்தம்?"

அவள் சொன்னது சரி. சாவு டிஸ்கை யாரும் பார்ப்பதில்லை என்பது மற்ற எவரையும்விட எனக்குத்தான் தெரியும். தெரிந்தும் கல்யாண டிஸ்குக்கு வைத்த தவணையையே அதற்கும் வைத்திருந்தேன்.

அண்ணன் தங்கையின் கையிலிருந்து டிஸ்கை வாங்கி, ஸ்டிக்கரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உரிச்சா கிட்டுமா?"

"கிட்டலாம். கெட்டும் போலாம். வேற ஒண்ணுல செஞ்சு காட்டுறேன்."

யாரும் வாங்க வராமல் கிடந்த ஒரு புதுநன்மை டிவிடியை எடுத்து, சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து ஸ்டிக்கர்மேல் போட்டேன். ஐந்து நிமிடம் கழித்து ஓரத்திலிருந்து நகத்தால் தள்ளினேன். பேப்பர் ஈரமாகச் சுருண்டு வந்தது. வெள்ளி அப்படியே இருந்தது. டிரைவில் போட்டேன், கடைசித் துண்டும் ஓடியது. ஒரு டிஸ்கில் ஓடியதால் மற்றதிலும் ஓடும் என்று சொல்ல முடியாது. அவருக்கும் அது தெரிந்திருந்தது.

"நீங்க செய்யாண்டாம்" என்றார் அவர். "நான் செய்யுதேன்."

புதுச் சட்டையின் கையை மடக்கிவிட்டு வாளிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். நனைத்து, காத்திருந்து, ஓரத்தைத் தள்ளினார். முதலில் அந்த யாருடையதோ தோள் வந்தது. பிறகு காது. முகம் ஒரே துண்டாக வரவில்லை. இரண்டாகக் கிழிந்தது. அவருடைய விரல் அங்கே நின்றுவிட்டது.

"எடு அண்ணா" என்றாள் தங்கை. வேண்டாம் என்றவள்தான். அவர் தள்ளித் தள்ளி எடுத்த ஒவ்வொரு துணுக்கையும் கைக்குட்டையில் வாங்கி வைத்துக்கொண்டாள்.

மணி இரண்டாக இருந்தது. துடைத்து, ஃபேனுக்கு நேராகப் பிடித்து உலர்த்தி, புதிய டிரைவில் போட்டேன். கடைக்காரர் தந்த புரோகிராமை ஓடவிட்டேன். மூன்றாம் துண்டில் வழக்கமாக நிற்கும் இடம் வந்தது. கோடு தயங்கி, தாண்டிவிட்டது. தங்கை என் தோளில் ஓங்கி அடித்தாள். எதற்கு அடித்தாள் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

மூன்றாவது முழுதாக வந்தது. நாலாவதில் ஒரு விரற்கடை வந்து, நின்றது. வெளி ஓரம். புதிய டிரைவ் எவ்வளவோ முயன்றது, முடியவில்லை. வேறு வழி தெரியாமல் டிஸ்கை எடுத்துப் பழைய டிரைவில் போட்டேன். கைலி கட்டியவன் கறகறவென்று உள்ளே இழுத்துக்கொண்டான். முக்கினான், தட்டினான். ஆனால் புதியவன் நின்ற இடத்தைத் தாண்டிப் போனான். இன்னும் நாலு நிமிடப் படம் கிடைத்தது. தான் கிறுக்கியதைத் தானே வாசிக்கிறமாதிரி. பிறகு அவனும் நின்றான்.

இப்போது என்னிடம் யாராவது தனியாகக் கேட்டால் சொல்வேன். கம்பெனி டிரைவ் சத்தம் குறைவு, வேகம் கூடுதல், கெட்டுப்போனால் மாற்றித் தருவார்கள். அதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் எழுதியது நிற்குமா என்ற பயத்துக்கு அந்தக் காசைக் கொடுக்காதே. நல்ல டிஸ்க் வாங்கு. பைய எழுது. மேலே எதையும் ஒட்டாதே. எழுதியதைக் கடைசி நொடிவரை நீயே உட்கார்ந்து பார். வீட்டுக்காரர்களால் பார்க்க முடியாததை நீ பார்த்தாக வேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் உனக்குக் கூலி.

கிடைத்ததை மானிட்டரில் ஓட்டினேன். பெட்டிக்குள் முகம். மகள் குனிந்து நெற்றியில் முத்தமிடுகிறாள். ஒவ்வொருவராக வருகிறார்கள். மூடி வைக்கப்படுகிறது. அண்ணன் திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனார். அவருடைய மூச்சில் கண்ணாடி மங்கித் தெளிந்தது. பெட்டி கோயிலிலிருந்து இறங்கிற்று. கல்லறைத் தோட்டத்து வாசல். குழியின் விளிம்பு. படம் கட்டம் கட்டமாகச் சிதறி நின்றது.

"பொறவு?" என்றார்.

"அவ்வளவுதான் கிட்டிச்சு."

தங்கையைப் பார்த்தார். "நீ சொல்லுட்டி. பொறவு என்ன?"

"எனக்குத் தெரியாது அண்ணா. அந்த வாசல்லயே நான் மயங்கி விழுந்திட்டேன். வீட்டுல வந்துதான் முழிச்சேன்."

வெளியே வேனின் ஹாரன் கேட்டது. கிடைத்தவற்றை ஒரு புது டிஸ்கில், எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக எழுத விட்டேன். இருபது நிமிடம் ஆகும் என்றேன். அவர் வாசலுக்குப் போய் டிரைவரிடம் கையைக் காட்டிவிட்டுத் திரும்பி வந்து, என் முன்னால் நின்றார்.

"நீங்க அங்க நின்னியளே."

"நின்னேன்."

"அப்பம் சொல்லுங்க."

அப்போது நான் பேசினேன். அதுவரை யாரிடமும் அவ்வளவு நேரம் பேசியதில்லை. கடற்கரை மண் என்பதால் குழியின் பக்கங்கள் சரிந்துகொண்டே இருந்ததைச் சொன்னேன். அடியில் தண்ணீர் ஊறியிருந்தது. ஒருவர் இறங்கி, தென்னோலை விரித்துவிட்டு ஏறினார். பெட்டி சாயாமல் இறங்கியது. தண்ணீர் பெட்டியைத் தொடவில்லை. நான் கேமராவை நெருக்கிக்கொண்டுபோய்ப் பார்த்தேன். பங்குச் சாமியார் குழியை மந்திரித்து முடித்ததும் முதலில் வந்தது அம்மையின் அண்ணன், இவர்களுடைய மாமன். குனிந்து மண் எடுத்துப் போட்டார். எல்லோரும் ஒரு கை போட்டு நகர்வார்கள். அவர் நகரவில்லை. மறுபடி குனிந்து இன்னொரு கை அள்ளினார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல், குழிக்குள் பார்த்து, "இது ஒனக்க மோனுக்கு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். கேமராவின் மைக் பக்கத்தில் இருந்ததால் என் காதில் விழுந்தது.

அண்ணன் தலையைத் திருப்பிக்கொண்டார். "மாமன் எங்கிட்ட சொல்லவே இல்ல. போன வாரமும் போயிட்டு வந்தேன். மீன் வெல பேசிட்டு இருந்தாரு."

"எங்கிட்டயும் சொல்லல்ல" என்றாள் தங்கை.

பிறகு அவர் கேட்டார்.

"எனக்கான மண்ண எந்தக் கையால போட்டாரு?"

கண்ணை மூடி, அன்றைக்குக் கேமராவுக்குள் தெரிந்ததை மறுபடி பார்த்தேன். "மொதல்ல போட்டது வலது கை. ஒமக்குப் போட்டது ரெண்டு கையாலயும். கூட்டி அள்ளினாரு."

புது டிஸ்க் வெளியே வந்தது. மேலே எதுவும் ஒட்டாமல், உறையில் போட்டு நீட்டினேன். வாங்கிச் சட்டைக்குள் வைத்தார். வேன் மறுபடி ஹாரன் அடித்தது. தங்கை அவருடைய செருப்பை எடுத்துத் திருப்பி வைத்தாள். அவர் போகவில்லை.

"அந்த எடத்த மட்டும் இன்னொருக்கச் சொல்லுங்க" என்றார். "குனிஞ்சாருன்னு சொன்னியளே, அதுல இருந்து."

சொன்னேன்.